பென்குயின் பாதை – 14: இது யார் கொடுத்த ஜாவா?

ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் இணையத்தில் தேடி அலையாமல், நம் லினக்ஸ் விநியோகத்தின் களஞ்சியத்திலிருந்தே வாங்கிக்கொள்வதுதான் நல்லது என்று சென்ற வாரம் முடித்திருந்தோம். அந்த விதி எங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது, எங்கே இடறுகிறது என்று ஒரே மென்பொருளில் காட்டச் சொன்னால் நான் ஜாவாவைத்தான் காட்டுவேன்.

நிறுவுவது ஒரு வரி வேலை. டெபியனிலோ உபுண்டுவிலோ டெர்மினலைத் திறந்து ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டீஃபால்ட்-ஜேடிகே’ என்று அடித்தால் சில நிமிடங்களில் ஜாவா தயார். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான் என்பதால் அங்கும் இதே கதை. பிறகு ஏன் ஜாவா என்றதும் சர்வர் பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள்? ஒரே கணினிக்குள் மூன்று நான்கு ஜாவா புகுந்துவிடும். ஒன்று களஞ்சியத்திலிருந்து வந்தது. ஒன்று எப்போதோ யாரோ டவுன்லோடு செய்து ஒரு ஃபோல்டரில் பிரித்துப் போட்டது. இன்னொன்று ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மாதிரி ஒரு மென்பொருள் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்தது. எது ஓடுகிறது, எது பழசு, எதை யார் அப்டேட் செய்வார்கள் என்பது குழம்பிப் போகும். ஜாவாவை நிர்வகிப்பது என்றால் ஒரு கேள்விக்கு எப்போதும் பதில் வைத்திருப்பது: இது யார் கொடுத்த ஜாவா?

களஞ்சியத்துக்கு வெளியே நின்ற காலம்

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டபோது காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ள முடிந்தது. சிக்கல் உரிமத்தில் இருந்தது. சன் கொடுத்ததை எடுத்து இன்னொருவர் தன் விநியோகத்தில் சேர்த்துக் கொடுக்க ஏகப்பட்ட நிபந்தனைகள். மூலநிரலைத் திருத்தி வெளியிடும் சுதந்திரமும் இல்லை. அப்படிப்பட்ட மென்பொருளை டெபியன் தன் முதன்மைக் களஞ்சியத்தில் சேர்க்காது. ஆரம்பத்தில் சன் லினக்ஸுக்கென்று ஜாவா கொடுக்கவும் இல்லை. பிளாக்டவுன் என்ற தன்னார்வலர் குழுதான் சன்னிடம் உரிமம் பெற்று அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது.

சன்னின் நிரலைத் தொடாமலே ஜாவாவை எழுதிவிடும் முயற்சிகளும் நடந்தன. காஃபே, குனு கிளாஸ்பாத், ஜிசிஜே என்று பல பெயர்கள். பல நிரல்கள் அவற்றில் ஓடின. ஆனால் ஜன்னல், பட்டன் என்று திரையில் விரியும் ஸ்விங் நிரல்கள் அடிக்கடி தடுக்கி விழுந்தன. 2004 ஏப்ரலில் சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜாவாவை ஒரு பொறி என்றே எழுதினார். உங்கள் நிரல் சுதந்திர மென்பொருளாக இருக்கலாம், ஆனால் அது ஓடுவதற்குச் சன்னின் ஜாவா வேண்டுமென்றால் சுதந்திர உலகத்தில் அதற்கு இடமில்லை என்பது அவர் வாதம். டெபியனில் இது வெறும் வாதமாக நிற்கவில்லை. தான் சுதந்திரமாக இருந்தும் சுதந்திரமற்ற ஒன்றைச் சார்ந்திருக்கும் நிரல்களுக்கு ‘கான்ட்ரிப்’ என்று அங்கே தனிப் பிரிவு உண்டு. ஜாவா நிரல்கள் பல அங்கேதான் ஒதுங்கிக் கிடந்தன.

2006 நவம்பர் 13 அன்று சன் மனம் மாறியது. ஜாவாவை ஜிபிஎல் உரிமத்தில் திறக்கப்போவதாக அறிவித்து, 2007 மே மாதம் ஓபன்ஜேடிகே என்ற பெயரில் பெரும்பகுதி மூலநிரலை வெளியிட்டது. எழுத்துருக்களை வரைவது, ஒலி போன்ற சில பகுதிகள் மட்டும் வேறு நிறுவனங்களுக்குச் சொந்தம் என்பதால் திறக்க முடியவில்லை. அந்த ஓட்டைகளை அடைக்க ரெட் ஹாட் பொறியாளர்கள் அடுத்த மாதமே ஐஸ்ட்டீ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். காலம் காலமாகக் குனு கிளாஸ்பாத்தில் எழுதிச் சேர்த்தது அப்போது கைகொடுத்தது. 2008 ஜூனில், ஃபெடோரா 9-இல் இருந்த அந்த ஜாவா, ஜாவாவுக்கான அதிகாரபூர்வப் பொருத்தச் சோதனையில் தேறியது. அதன்பின் எந்த விநியோகமும் தயங்காமல் தன் களஞ்சியத்தில் ஜாவாவைச் சேர்க்க முடிந்தது.

2010 ஜனவரியில் சன்னை ஆரக்கிள் வாங்கியது. மறு ஆண்டே, லினக்ஸ் விநியோகங்கள் சன் ஜாவாவை அப்படியே சேர்த்துக் கொடுக்க 2006-இல் தரப்பட்டிருந்த தனி உரிமத்தை ஆரக்கிள் முடித்துவைத்தது. அடுத்து, ஜாவா 8-க்கு 2019 ஜனவரிக்குப் பிறகு வரும் அப்டேட்டுகளை வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கட்டித்தான் பெற வேண்டும் என்று ஆனது. ஆரக்கிள் தளத்திலிருந்து இறக்கிய ஜாவாவை சர்வர்களில் போட்டு வைத்திருந்த நிறுவனங்கள் எங்கெங்கே என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க ஓடின. களஞ்சியத்து ஓபன்ஜேடிகேயோடு இருந்தவர்களுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

இன்று ஆரக்கிள் மட்டுமல்ல, எக்லிப்ஸ் அடாப்டியத்தின் டெமுரின், அமேசானின் கொரெட்டோ, அசூலின் ஸூலு என்று பலர் ஜாவா கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் ஊற்று ஓபன்ஜேடிகேதான். யார் எத்தனை ஆண்டு அப்டேட் தருவார்கள், என்ன நிபந்தனையில் தருவார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மூன்று வரியில் ஜாதகம்

உங்கள் கணினியில் இருப்பது யார் கொடுத்தது என்று பார்க்க டெர்மினலில் ‘ஜாவா -வெர்ஷன்’ என்று கேளுங்கள். மூன்று வரி வரும். பலரும் முதல் வரியில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் சொல்லையே கவனியுங்கள். ‘ஓபன்ஜேடிகே’ என்று தொடங்கினால் அது ஓபன்ஜேடிகே வழி வந்த ஒன்று. ‘ஜாவா’ என்று தொடங்கினால் பெரும்பாலும் ஆரக்கிள் கட்டிக் கொடுத்தது. உரிமத்தைப் படிக்காமல் அலுவலகத்தில் ஓட்டாதீர்கள்.

இரண்டாவது வரி இன்னும் சுவையானது. கட்டியவரின் பெயர் அங்கே ஒட்டியிருக்கும்: டெபியன், உபுண்டு, ரெட் ஹாட், டெமுரின் என்று. டெபியன் என்றிருந்தால் வழக்கமான ஆப்ட் அப்டேட்டிலேயே அதற்கும் திருத்தம் வந்துவிடும். டெமுரின் என்றிருந்து, அடாப்டியத்தின் களஞ்சியத்தை நீங்கள் கணினியில் சேர்க்கவில்லை என்றால், அதைப் புதுப்பிக்க வேண்டியவர் நீங்கள்தான். ஆப்ட் அதைத் திரும்பியும் பார்க்காது. முதல் வரியின் கடைசியில் ஒரு தேதியும் இருக்கும். ஜாவாவுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு முறை வருகின்றன. அந்தத் தேதி ஒரு வருடம் பழசாக இருந்தால் நான்கு தவணை தவறிவிட்டது என்று பொருள். பழைய ஜாவா 8-இல் மட்டும் இந்தத் தேதி இருக்காது, எண்ணும் 1.8 என்று வரும்.

ஒரு கணினி, இரண்டு ஜாவா

ஒரே ஜாவா எல்லாவற்றுக்கும் போதாதா என்றால், போதாது. மைன்கிராஃப்ட் 1.18 சர்வர் ஓட ஜாவா 17 வேண்டும், 1.20.5-க்கு 21 வேண்டும். இன்னொரு பக்கம் பழைய அலுவலக மென்பொருள்கள் 8-ஐ விட்டு நகராது. ஜாவா 11-இல் வெப் ஸ்டார்ட்டும் வேறு சில பகுதிகளும் நீக்கப்பட்டதே பல இடங்களில் காரணம். டெபியன் 12-இன் களஞ்சியத்தில் 17 மட்டுமே உண்டு. உபுண்டுவில் 8 முதல் பல பதிப்புகள் கிடைக்கும்.

ஒன்றுக்கு மேல் நிறுவினால் சண்டை வராது. ஒவ்வொன்றும் ‘ஜேவிஎம்’ என்ற ஃபோல்டருக்குள் தனித்தனியாக உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் ‘ஜாவா’ என்று அடிக்கும்போது எது எழுந்து வரும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு இணைப்புகள். ‘பின்’ ஃபோல்டரில் இருக்கும் ஜாவா உண்மையில் ஒரு சுட்டி. அது ‘ஆல்டர்நேட்டிவ்ஸ்’ என்ற ஃபோல்டரில் உள்ள இன்னொரு சுட்டியைக் காட்டும். அதுதான் அசல் ஜாவாவைக் காட்டும். ‘அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்’ கட்டளை மாற்றுவது இந்த நடுச் சுட்டியை மட்டுமே. இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. ஜாவாவுக்கு ஒரு சுட்டி, கம்பைலரான ஜாவாசி-க்கு வேறொரு சுட்டி. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை விட்டால் 21-இல் கம்பைல் ஆனதை 17-இல் ஓட்டப் பார்ப்பீர்கள். பதிப்பு பொருந்தவில்லை என்று பிழை வரும். டெபியன் குடும்பத்தில் எல்லாச் சுட்டிகளையும் சேர்த்து மாற்ற ‘அப்டேட்-ஜாவா-ஆல்டர்நேட்டிவ்ஸ்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது. ஆர்ச் லினக்ஸில் இதே வேலைக்கு ‘ஆர்ச்லினக்ஸ்-ஜாவா’.

சுட்டியை மாற்றியும், ஜாவா நிரல்களைக் கட்டும் கருவியான மேவன் பழைய ஜாவாவையே பிடித்துக்கொண்டிருந்தால் ‘ஜாவா ஹோம்’ என்ற சூழல் மாறியைப் பாருங்கள். மேவன் முதலில் கேட்பது அதைத்தான். சுட்டி மாறினாலும் அந்த மாறி தானாக மாறாது.

பேக்கேஜ் பெயரிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நிரல் ஓட்ட மட்டும் ஜேஆர்இ, எழுதவும் கம்பைல் செய்யவும் ஜேடிகே. திரையே இல்லாத சர்வருக்கு ‘ஹெட்லெஸ்’ என்று முடிவதை எடுத்தால் வரைகலை நூலகங்கள் வந்து இடத்தை அடைக்காது. ஃபெடோராவில் கம்பைலர் வேண்டுமென்றால் பெயரின் கடைசியில் ‘டெவெல்’ இருப்பதைத் தேட வேண்டும்.

சான்றிதழில் தெரியும் சாயம்

களஞ்சியத்து ஜாவாவுக்கும் இறக்கிப் பிரித்த ஜாவாவுக்கும் இருக்கும் இடைவெளி ஓர் இடத்தில் அப்பட்டமாகத் தெரியும். பாதுகாப்பான தளங்களோடு பேச ஜாவாவுக்கு நம்பகமான சான்றிதழ்களின் பட்டியல் வேண்டும். டெபியனின் ஜாவா, கணினியின் பொதுப் பட்டியலிலிருந்து உருவான தொகுப்பையே பயன்படுத்தும். உங்கள் அலுவலகத்தின் சொந்தச் சான்றிதழைக் கணினியில் ஒருமுறை சேர்த்தால் ஜாவாவுக்கும் அது தெரிந்துவிடும். இறக்கிப் பிரித்த ஜாவாவோ தன் ஃபோல்டருக்குள் தனிப் பட்டியல் வைத்திருக்கும். பிரவுசரில் திறக்கும் தளம் ஜாவா நிரலில் மட்டும் சான்றிதழ் பிழை காட்டினால், முதல் சந்தேகம் இங்கே விழட்டும்.

ஜார் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

இதுவரை பேசியது ஜாவா என்ற மேடை. அதன்மேல் ஓடும் நிரல்களுக்கு வந்தால் கதை வேறு. டெபியனில் ஒரு பேக்கேஜைக் கட்டும்போது இணையத் தொடர்பு இருக்கக் கூடாது. தேவையான நூலகம் ஒவ்வொன்றும் முன்கூட்டியே களஞ்சியத்தில் தனிப் பேக்கேஜாக இருக்க வேண்டும். ஜாவா உலகத்தின் பழக்கம் நேர் எதிர். மேவன், தேவைப்படும் நூலகங்களை இணையத்திலிருந்து இழுக்கும். அவை தமக்கு வேண்டியவற்றை இழுக்கும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே ஜார் ஃபைலுக்குள் திணித்து, கட்டுச்சோறு மாதிரி கையில் கொடுத்துவிடுவார்கள். எடுத்துப் போக வசதிதான். ஆனால் உள்ளே ஒன்று ஊசிப்போனால் வெளியே தெரியாது.

2021 டிசம்பரில் அதுதான் நடந்தது. லாக்4ஜே என்ற பதிவு எழுதும் நூலகத்தில் பெரிய ஓட்டை அம்பலமானது. ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் எழுதிய சொற்றொடர் பதிவில் ஏறினாலே போதும். சர்வர், தாக்குபவரின் கணினியோடு தொடர்புகொண்டு, அங்கிருந்து வரும் நிரலை ஓட்டிவிடும். மைன்கிராஃப்டில் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டியே இதைச் செய்ய முடிந்தது. தீவிர மதிப்பீடு பத்துக்குப் பத்து. டெபியன் தன் களஞ்சியத்து லாக்4ஜேக்கு ஓரிரு நாளில் திருத்தம் வெளியிட்டது. அதைச் சார்ந்த களஞ்சிய நிரல்களுக்கு அந்த ஒரு பேக்கேஜைப் புதுப்பித்தாலே போதும். ஜார் ஃபைலுக்குள் புதைந்திருந்த லாக்4ஜேவை ஆப்டால் தொடவே முடியவில்லை. பெயரை வைத்து ஃபைலைத் தேடினாலும் கிடைக்காது. அது இன்னொரு ஃபைலுக்குள் அல்லவா இருக்கிறது? ஜார் என்பது ஸிப் ஃபைல்தான் என்பதால், ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே ‘ஜேஎன்டிஐ லுக்கப்’ என்ற கிளாஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். புதிய பதிப்பு கைக்கு வரும்வரை அந்த ஒரு கிளாஸை மட்டும் ஜாரிலிருந்து வெட்டி எறிந்து சமாளித்தவர்கள் உண்டு.

ஆகவே முடிந்தவரை ஜாவாவைக் களஞ்சியத்திலிருந்தே வாங்குங்கள். வேறு பதிப்பு கட்டாயம் என்றால், கொடுப்பவரின் களஞ்சியத்தையே கணினியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது அப்டேட் ஆப்ட் வழியாக வரும். நிரல் எழுதுகிறவர்கள் எஸ்டிகேமேன் மாதிரி ஒரு கருவியால் தங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் எத்தனை பதிப்பு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே நிறுவியதைக் கணினியின் அப்டேட் கண்டுகொள்ளாது என்பது நினைவிருக்கட்டும். எந்தச் சர்வரில் எந்த ஜார், அதைக் கொடுத்தது யார், அதில் அடங்கிய நூலகங்கள் எவை என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். லாக்4ஜே வாரத்தில் அப்படிப் பட்டியல் வைத்திருந்தவர்களுக்குத் தேடல் எங்கே தொடங்க வேண்டும் என்றாவது தெரிந்திருந்தது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. ஆப்ட் ஜாவாவைப் புதுப்பித்துவிட்டது என்பதால் ஓடிக்கொண்டிருக்கும் டாம்கேட் போன்ற ஜாவா சர்வர் புதிய ஜாவாவுக்கு மாறிவிடாது. நினைவகத்தில் ஏறிய பழைய ஜாவாவோடுதான், மறுபடி தொடங்கும்வரை அது ஓடும். எந்தச் சேவையை எப்போது, எப்படி மறுதொடக்கம் செய்வது? அந்தப் பொறுப்பைச் சுமக்கும் சிஸ்டம்டி பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)