கொலஸ்திரோல் குளிசையை இடையில் நிறுத்தலாமா?

“இரத்தப் பரிசோதனை நல்லாயிருக்கு, இனிக் குளிசை எதற்கு?” என்று கேட்போர் நம்மிடையே பலர். இடம்பெயர்ந்து கிளினிக் மாறும்போதும் சிலருக்குக் குளிசை நின்றுவிடுகிறது. இது ஆபத்தானது.

கொலஸ்திரோல் நீரில் கரையாத கொழுப்பு. புரதத்தோடு சேர்ந்த பொதிகளாகவே அது இரத்தத்தில் செல்கிறது. எல்.டி.எல். என்னும் பொதி மிகுந்தால், வாய்க்காலில் வண்டல் போல, இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிகிறது. எச்.டி.எல். என்பது மிகுதியை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது.

சம்மாந்துறை, கல்முனை ஆஸ்பத்திரிகளில் தரப்படும் அற்றோவஸ்ரற்றின் போன்ற குளிசைகள், ஈரல் கொலஸ்திரோல் உண்டாக்குவதைக் குறைக்கின்றன. தட்டுப்பாடு கண்ட ஈரல், இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லைக் கூடுதலாக இழுத்தெடுக்கிறது. 1994இல் வெளியான ஸ்கண்டிநேவிய ஆய்வில் இருதய நோயாளர் 4,444 பேர் பங்குபற்றினர். இவ்வகையைச் சேர்ந்த சிம்வஸ்ரற்றின் எடுத்தோருக்கு எல்.டி.எல். 35 வீதம் குறைந்தது, எச்.டி.எல். 8 வீதம் கூடியது. மருந்தில்லாக் குளிசை எடுத்தோரைவிட அவர்களிடையே மரணம் 30 வீதம் குறைவு.

பரிசோதனையில் தெரியும் நல்ல அளவு குளிசையின் வேலையே. நிறுத்தினால் சில வாரங்களில் எல்.டி.எல். மீண்டும் ஏறும். எனவே இடம் மாறினால் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். கடுமையான தசைநோவு வந்தாலோ, கர்ப்பமுற்றாலோ உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.