நூதனசாலையில் ஒரு கல்

பாடசாலை விடுமுறை என்றால் தெஹிவளைப் பக்கத்துத் தாய்மாருக்கு மிருகக்காட்சிச்சாலையும் கடற்கரையுமே நினைவுக்கு வரும். இம்முறை, வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கு வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் தாய்மார் ஐவரையும் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் சென்றேன். "அது படிச்ச ஆக்கள் பாக்கிற இடமல்லோ" என்று ஒரு தாய் தயங்கினார். கொள்ளுப்பிட்டி வரை புகையிரதம், பின்னர் பஸ். பிள்ளைகளுக்கு அந்தப் பயணமே பாதிக் கொண்டாட்டம்.

கறுவாத்தோட்டத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் இக்கட்டடம் தேசாதிபதி வில்லியம் கிரகரியின் முயற்சியால் எழுந்து, 1877 ஜனவரி 1 ஆம் திகதி திறக்கப்பட்டது. கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர். உள்ளே கண்டி மன்னரின் சிம்மாசனம் இருக்கிறது. 1693 இல் ஒல்லாந்தர் பரிசாகக் கொடுத்தது. 1815 இல் ஆங்கிலேயர் கொண்டுபோய், 1934 இல் திருப்பித் தந்தது. "கொண்டுபோனதைத் திருப்பியும் குடுப்பினமோ?" என்று ஒரு சிறுவன் கேட்டான். தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாங்கள் அதிக நேரம் நின்றது காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டின் முன்னால்தான். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த இக்கல்லில் 1409 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. சீன மொழியில் புத்த பெருமானுக்கும், தமிழில் தென்முனையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இறைவனுக்கும் காணிக்கை சொல்கிறது: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588 இல் அழித்தனர். கல்லோ பல காலம் ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்து, 1911 இல்தான் கண்டெடுக்கப்பட்டது. எழுத்துள்ள பக்கம் கீழே இருந்ததால் தேய்மானம் குறைந்தது என்பது என் எண்ணம்.

"அக்கா, இது எங்கட எழுத்தோ?" என்றாள் பத்து வயதுச் சிறுமி. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை என்று சொல்லிக் கொடுத்தேன். பிறகு அவர்களே கண்ணாடிக்கு வெளியே விரலால் எழுத்துத் தேடினார்கள். கொழும்பில் பஸ்ஸில் தமிழில் பேசும்போது குரலைத் தாழ்த்தும் பிள்ளைகள் இவர்கள். அங்கே சத்தமாகவே வாசித்தார்கள். காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

வாள்களும் துப்பாக்கிகளும் உள்ள இடத்தை நான் விரைவாகக் கடந்தேன். அப்படிச் செய்வது சரி என்றே நினைக்கிறேன். ஆயுதம் பற்றி அவர்கள் வீட்டில் தெரியாதது ஒன்றும் இல்லை.

பாக்குவெட்டிகள் இருந்த பெட்டிக்கு முன்னால், முதலில் தயங்கிய அதே தாய் நின்றுவிட்டார். மாமியாரின் பாக்குவெட்டி குதிரைத் தலை வைத்ததாம். 2009 இல் புதுக்குடியிருப்பை விட்டு ஓடியபோது, சமையலறைத் தட்டில் அப்படியே இருந்ததாம். போர் முடிந்த பின் பிறந்த அவருடைய மகள் இதை இதற்கு முன் கேட்டதில்லை. "எவ்வளவு பெரிசு? ஆர் செய்தது?" என்று கேள்விமேல் கேள்வி கேட்டாள்.

சகோதரிகளே, போகும்போது எல்லா மண்டபத்தையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள். பிள்ளை கால் வலிக்கிறது என்று சொல்லும் முன் வெளியே வந்து, முன்றிலில் உள்ள பெரிய ஆலமரத்தின் கீழ் கொண்டுபோன சோற்றுப் பொதியைப் பிரியுங்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும். மறுவாரம் "எங்கள் வீட்டுப் பழைய பொருள்" என்று எழுதச் சொன்னேன். ஏழு பேர் இப்போது வீட்டில் இல்லாத பொருளைப் பற்றியே எழுதியிருந்தார்கள். பாக்குவெட்டியின் படத்தை வரைந்தவள், குதிரையின் காது எப்படி இருந்தது என்று தாயிடம் கேட்டு மூன்று முறை அழித்து வரைந்திருக்கிறாள்.