அளவுகோலுக்கு ஓர் அளவுகோல்

வாதியின் கூற்றைப் பிரதிவாதியே தன் சொந்தக் கருவிகளைக் கொண்டுவந்து சோதித்து, அது மெய்தான் என்று ஒப்புக்கொள்வதைக் கோர்ட்டில் நாம் கண்டதில்லை. ஸயன்ஸ் உலகில் 1969-ம் வருஷத்தில் அது நடந்தது.

சூரியனை எரியச் செய்யும் அணுக்கரு இணைவைப் பூமியில் நிகழ்த்த வேண்டுமானால், ஹைட்ரஜன் வாயுவை, அதன் எலெக்ட்ரான்கள் அணுவினின்று பிரிந்து திரியும் பிளாஸ்மா நிலைக்குக் காய்ச்ச வேண்டும். அதைத் தாங்கும் பாத்திரம் கிடையாது. காந்த சக்தியினால் வளையமாகக் கட்டி நிறுத்துகிறார்கள். அவ்வித யந்திரத்துக்கு டோகமாக் என்று பெயர். 1968 ஆகஸ்டில் நோவோஸிபிர்ஸ்க் நகரில் கூடிய சர்வதேச மகாநாட்டில் ருஷிய சாஸ்திரி ஆர்ட்ஸிமோவிச், மாஸ்கோவிலுள்ள தமது டி-3 டோகமாக்கில் எலெக்ட்ரான்களின் உஷ்ணம் சுமார் 1 கோடி டிகிரி என்றார். மேல்நாட்டார் பலர் நம்பவில்லை. வேகமாகப் பாயும் சில எலெக்ட்ரான்கள் கணக்கை ஏமாற்றியிருக்கலாம் என்பது அவர்களுடைய ஆக்ஷேபணை. பிரிட்டிஷார் 1958-ல் தங்கள் ஜீட்டா யந்திரத்தில் இணைவு கைகூடியதாகப் பறைசாற்றிவிட்டுச் சில மாதங்களில் அதை வாபஸ் வாங்கியவர்கள். சந்தேகப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது.

ஆர்ட்ஸிமோவிச் கோபிக்கவில்லை. "நீங்களே வந்து அளந்து பாருங்கள்" என்ற கருத்தில் பிரிட்டனிலுள்ள கல்ஹம் ஆராய்ச்சி நிலையத்தாரை அழைத்தார். அதே மாதத்தில் ருஷியப் படைகள் செக்கோஸ்லோவாகியாவில் புகுந்தன, அழைப்பு நின்றுபோகவில்லை. ஆங்கிலேயர் லேஸர் கருவிகளை மூட்டைகட்டிக்கொண்டு மாஸ்கோ சென்றார்கள். ருஷியர் சொன்னது சரியே என்ற முடிவு 1969 நவம்பரில் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியாயிற்று.

அவர்கள் கையாண்ட யுக்தி இதுதான். லேஸர் ஒளியைப் பிளாஸ்மாவுக்குள் பாய்ச்சினால் எலெக்ட்ரான்கள் அதை அற்ப அளவில் சிதறச் செய்யும். ஓடும் எலெக்ட்ரானில் பட்ட ஒளியின் நிறம் சற்று மாறும். நிறம் எவ்வளவு அகன்றது என்பது உஷ்ணத்தைச் சொல்லும். எவ்வளவு ஒளி வந்தது என்பது எலெக்ட்ரான்களின் அடர்த்தியைச் சொல்லும்.

உஷ்ணத்துக்கு ஒரு நிறத்தோடு மற்றொரு நிறத்தை ஒப்பிட்டால் போதும். அடர்த்தி அப்படியன்று. அனுப்பிய ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குகூடத் திரும்பிவந்து கருவியில் சேர்வதில்லை. அந்தச் சொற்பத்திலும் லென்ஸ் எவ்வளவு விழுங்கிற்று, ஜன்னல் எவ்வளவு தடுத்தது என்று தெரியாவிட்டால் கிடைத்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இணைவின் வேகமோ அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடர்த்தியில் நூற்றுக்குப் பத்துப் பிசகினால், சக்திக் கணக்கில் சுமார் இருபது பிசகும்.

வியாபாரியின் படிக்கல்லுக்குச் சர்க்கார் முத்திரை வேண்டுமல்லவா? இங்கே முத்திரையிடுவது நைட்ரஜன் வாயு. பிளாஸ்மா இல்லாத வேளையில் பாத்திரத்தில் நைட்ரஜனை நிரப்பி, அதே லேஸரை அதே பாதையில் செலுத்துகிறார்கள். அமுக்கமும் உஷ்ணமும் தெரிந்தால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை தெரிந்துவிடும். 1 மில்லிமீட்டர் பாதரச அமுக்கத்தில் ஒரு கன ஸென்டிமீட்டரில் சுமார் 33,000 லட்சம் கோடி மூலக்கூறுகள் உண்டு. பிளாஸ்மாவில் எலெக்ட்ரான்கள் பெரும்பாலும் 10 முதல் 100 லட்சம் கோடிதான். ஒரு மூலக்கூறு எவ்வளவு ஒளியைச் சிதறவைக்கும் என்பது முன்பே அளந்து வைத்த விஷயம். இரண்டு ஒளிகளையும் ஒப்பிட்டால் அடர்த்தி கிடைக்கும்.

இதிலும் ஒரு தொல்லை. வாயு ஒளியின் பெரும்பகுதியை நிறம் மாற்றாமலே சிதறச் செய்கிறது. பாத்திரத்தின் சுவரில் பட்டுத் திரும்பும் லேஸர் ஒளிக்கும் அதே நிறம். எது சாட்சி, எது பொய்ச்சாட்சி என்று பிரிக்க முடியாது. ஆனால் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு 1928-ல் கல்கத்தாவில் கண்டது இந்த நிறமாற்றத்தைத்தான். சுவரின் ஒளி இப்படி நிறம் மாறுவதில்லை. ஆகவே லேஸரின் நிறத்தை வடிகட்டித் தள்ளிவிட்டு, ராமன் ஒளியை மட்டும் எண்ணிக் கருவியைத் திட்டப்படுத்துகிறார்கள். தேசங்கள் தோறும் டோகமாக் கூடங்களில் வழங்கும் முறை இது.

ஒரு தடவை திட்டப்படுத்தினால் தீர்ந்ததென்று இருக்க முடியாது. பிளாஸ்மா சுவரைச் சுரண்டி ஜன்னல்மேல் மாசு பூசும்; லென்ஸ்கள் மயிரிழை நகரும்; ஒளி குறையும். அடர்த்தி குறைந்ததா, கண்ணாடி மங்கியதா என்று அறிய மறுபடியும் நைட்ரஜனை விட்டுச் சோதிக்க வேண்டும். இந்தியாவும் பங்காளியாகச் சேர்ந்து பிரான்ஸில் கட்டப்படும் ஈட்டரில், அணுக் கதிர்வீச்சு மிகுந்த பிறகு உள்ளே ஆள் போக முடியாது. மங்கும் கண்ணாடிகளை வெளியிலிருந்தபடியே சோதித்தாக வேண்டும்.