பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது

பிள்ளை பிறந்ததும் சாத்திரியாரிடம் எழுத்துக் கேட்கிறோம். பூரம் என்றால் மோ, டா, டி, டு. உத்தரம் என்றால் டே, டோ, பா, பி என்கிறார். டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். ஆனால் சாத்திரியார் தந்த எழுத்தை விட எங்களுக்கு மனமில்லை. டிலக்சன், டினுஷா போன்ற பெயர்கள் இப்படித்தான் பெருகின. பொருள் கேட்டால் பெற்றோருக்கே தெரிவதில்லை.

பிறமொழிப் பெயர் எமக்குப் புதிதல்ல. வடசொல்லை எடுக்கும்போது வடவெழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தால் எழுதவேண்டும் என்று தொல்காப்பியமே வழி சொல்கிறது. லக்ஷ்மணன் இலக்குவன் ஆனது அந்த வழியில்தான். கத்தோலிக்கர்கள் பீற்றரை இராயப்பு என்றும் ஜோசப்பைச் சூசை என்றும் அழைத்தார்கள். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையின் பெயரை அயல்மொழிப் பெயர் என்று எம்மில் எத்தனை பேர் நினைத்தோம்?

போர்க்காலத்தில் வன்னியில் தூய தமிழ்ப் பெயர்கள் பெருகின. அந்தப் பெயர்களோடு வளர்ந்தவர்கள் இன்று தாய் தந்தையர். சிலர் வெளிநாட்டில் வாழ்கிறார்கள். அங்குள்ள ஆசிரியரின் வாயில் நுழையும் பெயர் வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பெயரை ஊரிலுள்ள அம்மம்மாவும் கூப்பிட வேண்டுமே.

இதில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் தமிழில் எழுதும் பெயர், பின்னர் அடையாள அட்டைக்காகச் சிங்களத்துக்கும் கடவுச்சீட்டுக்காக ஆங்கிலத்துக்கும் போகிறது. யாழினி என்ற பெயரின் ழகரத்தையே ஆங்கிலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். ஷ, ஜ, க்ஸ் கலந்த பெயர் என்றால் சொல்லவே வேண்டாம். ஓர் எழுத்து மாறினாலும் இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டி வரும். இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்துவிட்டுப் பிரதி எடுக்க அலைந்தவர்களுக்கு இந்த வலி தெரியும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் பெயரைப் படிவம் படிவமாக நிரப்பிய தாய்மாருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். அதற்குள் மூன்று விடயங்களைப் பாருங்கள். பெயரைத் தமிழ் எழுத்தில் பிழையின்றி எழுத முடியுமா? ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே தீர்மானித்து எழுதி வைத்தீர்களா? “என் பெயருக்கு என்ன கருத்து?” என்று பிள்ளை கேட்கும் நாளில் சொல்ல உங்களிடம் பதில் இருக்கிறதா?

பெயர் எந்த மொழியிலிருந்தும் வரலாம். அதைச் சுமக்கப்போவது பிள்ளை.