ரோல் நம்பர் 41 எங்கேப்பா?

"அறுபது பேர் படிச்ச ஒரு கிளாஸுக்குப் பத்திரிகையா? ஏன் ஸார், உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

இப்படிக் கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வேலை இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில், ஷிஃப்ட் மாறி மாறி வரும் வேலை. பத்திரிகையும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, எட்டே பக்கம். 1998-ல் எங்களோடு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவர்களுக்காக மட்டும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டிருப்போம். அதைப் பார்க்கும்போது ஏதோ பெரிய இலக்கியப் பத்திரிகை நடத்துகிற மாதிரி ஒரு மிதப்பு!

"அதான் வாட்ஸ்அப் குரூப் இருக்கேடா" என்பான் அடுத்தவன். இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ, ஏழு மணிக்குப் பொன்மொழி, எட்டு மணிக்கு அரசியல், எட்டேகாலுக்குச் சண்டை, எட்டரைக்கு ஒருத்தர் கோபித்துக்கொண்டு வெளியேற்றம். பேசுகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் படிக்கிறார்களா, தூங்குகிறார்களா, தெரியாது. பத்திரிகை என்றால் அதற்கு ஓர் ஆசிரியன் உண்டு. பேசாத ஆளைத் தேடிப் போய் வாயைக் கிளறுவதுதான் அவன் உத்தியோகம்.

இது நாங்கள் கண்டுபிடித்த சமாசாரம் இல்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் பத்திரிகை 1900-ல் தொடங்கி இன்றைக்கும் வருகிறது. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு செயலாளர். தன் வகுப்பில் யாருக்குக் கல்யாணம், யார் பேரன் எடுத்தார், யார் காலமானார் என்று விசாரித்து எழுதுவது அவர் பொறுப்பு. பழைய செட் முதலில், புது செட் கடைசியில். ஆக, நம் செட் வருஷா வருஷம் முன்பக்கத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். எங்கே போய் முடியும் என்பது புரிகிறதல்லவா? ஹார்வர்டில் இன்னொரு வழக்கம். ஐந்து வருஷத்துக்கு ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம். அவரவர் கதையை அவரவரே எழுதித் தரவேண்டும்.

நம் ஊர் மட்டும் சளைத்ததா? மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை 1884-ல் பிளவாட்ஸ்கி அம்மையார் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை வெளியிட, பிரம்மஞான சபை ஆடிப்போய், லண்டன் வரை விசாரணை நடந்தது. எங்கள் பத்திரிகையால் சிப்காட் வாசல் டீக்கடைகூட அசைந்ததில்லை. அது வேறு விஷயம்.

யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர்கள் லண்டனிலும் கனடாவிலும் சங்கம் வைத்திருக்கிறார்கள். ஊரே கலைந்து உலகமெல்லாம் சிதறிய பிறகு, கூடப் படித்தவன் முகவரி என்பது சாதாரணக் காகிதம் இல்லை. எங்களுக்கு அப்படியொன்றும் நேரவில்லை. இருந்தும் அறுபது முகவரியைப் பிடிக்க நாக்கு தள்ளிவிட்டது.

ஆண்கள் விஷயத்தில் சிக்கல் கம்மி. நாங்கள் படிப்பை முடித்த அதே 1998-ல்தான் ஹூண்டாய் இங்கே சான்ட்ரோ காரைத் தயாரிக்க ஆரம்பித்தது. அதன் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வரிசை கட்டி வந்தன. ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், மாம்பாக்கம் என்று பாதிப் பேர் இந்த வட்டாரத்திலேயே அடைக்கலம். ஒருத்தனைப் பிடித்தால் நாலு பேர் கிடைப்பான்.

பெண்கள்? பதினாலு பேர் படித்தார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர்கூடக் கிடையாது. கல்யாணமாகி, இனிஷியல் மாறி, ஊர் மாறி... எங்கே போய்த் தேட? கை கொடுத்தது ஒரு நண்பனின் அம்மா. வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிற புண்ணியவதி. 1999-லிருந்து 2004 வரைக்கும் ஒரே மஞ்சள் தடவிய கட்டு. பெண்ணின் அப்பா பெயர், தெரு, மாப்பிள்ளை வேலை பார்க்கிற ஊர் எல்லாம் அச்சில் இருக்கிறது. அப்பா வீட்டுக்குக் கடிதம் போட்டோம். பதினாலில் பதினொரு பேர் கிடைத்தார்கள்.

முகவரி கிடைத்தாயிற்று. எட்டுப் பக்கத்தில் என்ன போடுவது?

எங்களுக்கு முந்தைய செட் ஒன்றும் பத்திரிகை நடத்தியது. பளபளவென்று ஆர்ட் பேப்பரில். முதல் இதழில் ஒருத்தர் ஜெனரல் மேனேஜர் ஆனார். இரண்டாவதில் ஒருத்தர் ஆஸ்திரேலியாவில் வீடு வாங்கினார். மூன்றாவதில் ஒருத்தர் மகள் எம்.பி.பி.எஸ். நாலாவது இதழ் வரவில்லை. காரணம் பணம் இல்லை. படித்த மற்றவர்கள் மனசுக்குள், 'நமக்கு எழுத என்ன இருக்கு?' என்று நினைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

அதனால் 2019 பொங்கலுக்கு எங்கள் முதல் இதழ் தயாரானபோது ஒரே சட்டம் போட்டோம். ரோல் நம்பர்! ஒரு இதழுக்கு ஆறு நம்பர். அட்டெண்டன்ஸ் கூப்பிடுவோம், கூப்பிட்டவர் மூன்று வரியில் ஆஜராக வேண்டும். ஜி.எம்.மாக இருந்தாலும் அவர் நம்பர் வரும்வரை வாயைத் திறக்கக்கூடாது. பத்து இதழில் ஒரு சுற்று, அதாவது இரண்டரை வருஷம். இப்போது மூன்றாவது சுற்று.

இன்னொரு விஷயம். "எப்படி இருக்கே?" என்று கேட்கவே மாட்டோம். "நல்லா இருக்கேன்" என்று வரும். அதை வைத்துக்கொண்டு அரை வரி நிரப்ப முடியாது. பதிலாக, எல்லாராலும் பதில் சொல்லக்கூடிய சின்னக் கேள்வி ஒன்று. 2023 பொங்கல் இதழில் கேட்டது: 'உன் சாவிக்கொத்தில் எத்தனை சாவி?'

38, ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ். "பதினேழு. அதுல மூணு எதுக்குன்னு எனக்கே தெரியாது" என்றான். 39, "கார், வீடு, லாக்கர். லாக்கர் சாவி மட்டும் வீட்டம்மாகிட்ட." 40, திருவள்ளூரில் தையல் கடை வைத்திருக்கும் வகுப்புத் தோழி. "ஷட்டர் சாவி ஒண்ணேதான். ஆனா அது என் பேர்ல இருக்கற கடை."

41 பதில் போடவில்லை. முதல் சுற்றிலும் 'ஆஜரில்லை' என்றுதான் அச்சாகியிருந்தது. நானே போன் பண்ணினேன். ராத்திரி பத்து மணி.

"மச்சி, சாவி எத்தனைடா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "என்கிட்ட சாவியே இல்லைடா" என்றான்.

2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை மூடியது ஊரறிந்த கதை. அப்போது பேப்பரெல்லாம் எழுதியது. பேப்பர் எழுதாத மூடல்கள் இந்தப் பக்கம் எத்தனையோ. நம் ஆள் இருந்தது வேறொரு கம்பெனி, பெயர் வேண்டாம். லைனை நிறுத்திவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி பண்ணி, பைக்கை விற்று, மனைவி குழந்தைகளோடு மச்சான் வீட்டு மாடியில் மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் அவன் வாட்ஸ்அப் குரூப்பில்தான் இருந்தான். தினம் வந்த ரோஜாப்பூவுக்குக் கை கூப்பிக்கொண்டு. யாருக்கும் தெரியாது.

"இதைப் போடாதே" என்றான். சரி என்றேன். மறுநாள் அவனே கூப்பிட்டான். "போடு. ஆனா பாவம்கற மாதிரி எழுதிடாதே."

அவன் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டோம்: '41. தற்சமயம் சாவி இல்லை. போர்டு ரிப்பேர் பதினஞ்சு வருஷப் பழக்கம். ராத்திரி ஒன்பதுக்கு மேல போன்ல கிடைப்பேன்.'

பதினொரு பேர் போன் பண்ணினார்கள். பாதிப் பேர் படிப்பு முடிந்ததிலிருந்து அவனோடு பேசாதவர்கள். ஒருத்தன் வீட்டு யு.பி.எஸ்ஸைத் தூக்கிக்கொண்டு நேரே வந்துவிட்டான். பதினேழு சாவிக்காரன், பழுதான எடை மெஷின் இரண்டு இருக்கிறது என்றான். எட்டு மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூரில் பத்துக்குப் பத்தில் சர்வீஸ் கடை. பத்திரிகையால் வந்தது என்று நான் மார் தட்டப் போவதில்லை. வேலை தெரிந்த கை அது. ஆனால் கதவு தட்டுவதற்கு ஒரு விலாசம் கிடைத்தது என்று அவனே சொல்கிறான்.

23-ஐயும் சொல்லவேண்டும். முதல் சுற்றில் அவனே ஆஜராகி, மகன் தன்னை செஸ்ஸில் தோற்கடித்ததைப் பற்றி எழுதினான். 2021-ல் கொரோனா கொண்டுபோய்விட்டது. அடுத்த இதழை அந்த வீட்டுக்கு அனுப்புவதா, வேண்டாமா? எங்களுக்குள் பெரிய விவாதம். அனுப்பினால் மனசு நோகுமே என்றான் ஒருத்தன். முடிவெடுப்பதற்குள் அவன் மனைவியே போன் செய்தார்.

"அண்ணா, புக்கு இன்னும் வரலியே. அவர் பேருக்கே அனுப்புங்க. பையன் படிக்கிறான்."

அனுப்புகிறோம். அட்டெண்டன்ஸில் 23 வரும்போது தாண்டிப் போவதில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் யாராவது மூன்று வரி எழுதுவார்கள். சுற்றுக்கு ஒருத்தர்.

அச்சு விவகாரம் சுருக்கமாக. ஏ-4 தாள் இரண்டு, இரு பக்கமும் அடித்து நடுவில் மடித்தால் எட்டுப் பக்கம், முதுகில் இரண்டு பின். செலவு எங்கள் நாலு பேர் தலையில். நன்கொடை கேட்கும் பக்கம் மட்டும் கிடையவே கிடையாது. அதைப் பார்த்தாலே பாதிப் பேர் கவரைப் பிரிக்கமாட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு போனில் அனுப்பிவிடுவோம். உள்ளூர்க்காரர்களுக்குத் தபால்தான். போனில் போனால் அவன் மட்டும் பார்ப்பான். தபாலில் போனால் அம்மா, மனைவி, பக்கத்து வீட்டு மாமி வரை படிக்கிறார்கள். அதனாலேயே வாத்தியார்களின் பட்டப்பெயருக்குத் தடை. ஒருத்தன் மகன் இப்போது அதே வாத்தியாரிடம் படிக்கிறான்!

ஆசிரியர் குழு கூடுவது மாதத்தில் ஒரு ஞாயிறு, நாலு பேருக்கும் ஷிஃப்ட் இல்லாத நாளில். இங்கே 1990-லிருந்து மோட்டார் ரேஸ் மைதானம் ஒன்று இருக்கிறது. பந்தயம் இருந்தால் அந்தச் சத்தத்தில் ஒருத்தன் சொல்வது இன்னொருத்தனுக்குக் கேட்காது. அன்றைக்கு மட்டும் கருத்து வேற்றுமை இல்லாமல் இதழ் முடிந்துவிடும்.

இந்த இதழில் 49 முதல் 54 வரை ஆஜராக வேண்டும். கேள்வி: 'ரிப்பேராகியும் தூக்கிப் போட மனசில்லாமல் உன் வீட்டில் வைத்திருக்கும் பொருள் எது?' இதுவரை வந்தது இரண்டே பதில். ஒன்று, டேப் ரிக்கார்டர். இன்னொன்று ஒரு வகுப்புத் தோழியிடமிருந்து: 'என் வீட்டுக்காரர்.'

அச்சுக்குப் போகுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.