கைக்கேற்ற கருவி

கல்முனையில் நம்மிடம் பயிலும் மாணவனொருவன் அண்மையில் வினவினான்: “சேர், கடையில் மலிவாகப் பேஸ் கிற்றார் கிடைக்கையில், கையாற் செய்த ஒன்றுக்குப் பன்மடங்கு விலை கொடுப்பது ஏன்?” அவன் தந்தை கடற்றொழிலாளர், அவ்வீட்டுக்கு இது வீண் வினாவன்று.

1951இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த மின் பேஸ் கிற்றாரில் கழுத்து வேறு, உடல் வேறு. திருகாணிகள் இரண்டையும் பிணைத்தன. செய்வதும் எளிது, பழுதுபார்ப்பதும் எளிது. 1970களில் கலிபோர்னியாவின் அலெம்பிக் கைவினைஞர் வேறு வழி சென்றனர். கழுத்து மரத்தையே உடலினூடே அடிவரை ஓடவிட்டு, அதன் இருமருங்கும் தேர்ந்த மரங்களை ஒட்டினர்.

இவ்வெண்ணம் நமக்குப் புதிதன்று. தஞ்சையில் குடத்தையும் தண்டியையும் ஒரே பலாமரத்திற் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை. துண்டுகளை இணைப்பது ஒட்டு வீணை. அதன் 24 மெட்டுகளையும் செவியால் அறிந்தே மெழுகின்மேற் பதிப்பர்.

ஒரே மரம் நாதத்தை உயர்த்துமா என்பதிற் கருத்து வேற்றுமை உண்டு. மின் கிற்றாரிலோ, கம்பியின் அதிர்வைப் பற்றும் காந்தச் சுருளுக்கே பெரும்பங்கு. எனினும் கழுத்தின் பருமன் கைக்குப் பொருந்தாவிடின் மணிக்கட்டு நோகும், பயிற்சி குன்றும். தொழிற்சாலை பொதுவானதொரு கையை எண்ணிச் செய்கிறது. கைவினைஞன் வாசிப்பவன் கையைப் பார்த்துச் செய்கிறான். அவன் வேலையின் பெருமை அதுவே.

ஆதலால் மாணவனுக்கு நாம் கூறியது இது: “தம்பி, முதலில் மலிவான கருவியிற் பழகு. உன் கைக்கு எது குறையென்று கையே சொல்லும் நாளில் கைவினைஞனை நாடு. அதற்குமுன் கொடுக்கும் விலை மரத்தின் அழகுக்கு மட்டுமே.”