கட்டைகள் இல்லாத கீபோர்டு

இசைக்கருவி மோகம் ஏ.ஆர்.ரஹ்மானுக்குப் பணக்கார விளையாட்டாகத் தொடங்கவில்லை. 1976இல் தந்தை ஆர்.கே.சேகர் மறைந்தபின், அவருடைய கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது.

பின்னாளில் ரஹ்மானைக் கவர்ந்த கருவி 'கன்டினியம்'. சாதாரண கீபோர்டில் 'ச' ஒரு கட்டை, 'ரி' இன்னொரு கட்டை. இடையிலுள்ள சுருதிக்கு விரல் போகாது. பக்கத்துச் சக்கரத்தைத் திருகினால் ஓரளவு வளையும், அவ்வளவுதான். கமகத்துக்கு உயிரே அந்த இடைவெளிதானே!

அமெரிக்காவின் லிப்போல்ட் ஹேக்கன் உருவாக்கிய கன்டினியத்தில் கட்டைகளே கிடையாது, ஒரே பரப்பு. விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி வழுக்கிச் செல்லும். அழுத்தினால் ஒலி கூடும். மேலும் கீழும் நகர்த்தினால் நாதம் மாறும். 2009இல் வந்த 'டெல்லி-6' படத்தில், 'ரெஹ்னா தூ' பாடலின் கடைசிப் பகுதியில் இதைக் கேட்கலாம்.

சினிமாவிலும் அதே ஆசைதான். அவர் இயக்கிய 'லெ மஸ்க்' மெய்நிகர் படத்தில் காட்சியோடு வாசனையும் வரும்.